பெரியவரை எடுக்க ஒரு லாரி

என் மாமியாரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வீட்ல நிம்மதியா இருக்கறது உங்களுக்குப் பிடிக்கலையா?" என்றாள். நல்லவிதமாகத்தான் எழுதப் போகிறேன் என்றேன். "நீங்க நல்லவிதமா சொன்னதை அம்மா எப்ப நல்லவிதமா எடுத்துக்கிட்டாங்க?" என்றாள். அதுவும் சரிதான். ஆனாலும் எழுதுகிறேன். யார் யாரைப் பற்றியோ எழுதிக் குவிக்கிறார்கள். இவரைப் பற்றி நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

மாமியாருக்குப் பழைய கேபிள் வியாபாரம். மூடிப்போன தொழிற்சாலை, இடிக்கப் போகும் கட்டடம் என்று எங்கெல்லாம் மின்கம்பிக்கு வேலை முடிந்துவிட்டதோ அங்கெல்லாம் போய், கேபிளை விலை பேசி, யார்டுக்குக் கொண்டுவந்து, மேல்தோலை உரித்து, உள்ளே இருக்கும் செம்பையும் அலுமினியத்தையும் தனித்தனியாக உருக்காலைக்குப் போடுவார். கடைவீதியில் அவருக்குச் செம்பக்கா என்று பெயர். நான் அத்தை என்று கூப்பிடுகிறேன். அவருடைய லாரியை ஓட்டிப் பிழைப்பதால் மனசுக்குள் முதலாளி என்றும் கூப்பிட்டுக்கொள்கிறேன். கூரியர் ஆபீசில் ஏசி அறையில் உட்கார்ந்திருந்தவன் நான். கல்யாணமான மறுவருஷம் அந்த ஆபீசை மூடினார்கள். அத்தை எனக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "லைசென்ஸ் இருக்கா மாப்ளே?" என்று மட்டும் கேட்டார்.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்ததும் ஏறக்குறைய இப்படித்தான். சின்ன வயசில் மோட்டார் பட்டறை ஒன்றில் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய செம்புக் கம்பியை எடுத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றி மாட்டும் வேலை. பட்டறையை மூடிய அன்றைக்கு முதலாளி மூலையில் கிடந்த எரிந்த காயில்களைக் காட்டி, "இதையெல்லாம் எடுத்துட்டுப் போம்மா, குப்பை" என்றாராம். எடுத்துக்கொண்டு வந்தார். அந்தக் குப்பைதான் முதல் முதலீடு. "சுத்தினவளுக்குப் பிரிக்கத் தெரியாதா" என்பார், இப்போதும், யாராவது எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால்.

அவர் உரிக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். புது ஆள் யாராக இருந்தாலும் கேபிளைத் தரையில் போட்டு, கத்தியை அதன்மேல் ஓட்டப் பார்ப்பான். சீக்கிரமே விரலில் கட்டு போட்டுக்கொள்வான். அத்தை யார்டில் கத்தி அசையாது. இரும்பு மேசையில் கத்தியை முடுக்கி வைத்திருப்பார். கேபிளின் முனையைக் கீறி அந்தக் கத்திக்கு அடியில் நுழைத்து, அந்தப் பக்கம் நின்று இழுப்பார். ரப்பர் தோல் அவரைக்காய் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு ஒரு பக்கம் விழ, செம்பு மட்டும் சிவக்கச் சிவக்க அவர் கையோடு வரும். இழுக்கும்போது பேசிக்கொண்டே இருப்பார். வாய் ஓயும், கை ஓயாது என்று எழுதலாம் என்றால் வாயும் ஓயாது.

இதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. கேபிளைக் குவித்து நெருப்பு வைத்துவிட்டால் போதும். தோல் கருகிவிடும், செம்பு மிஞ்சும். ஆனால் அந்தச் செம்பு கருத்துப்போயிருக்கும், விலை போகாது. புகை அக்கம்பக்கத்து நுரையீரலில் எல்லாம் போய் உட்காரும். எங்கள் யார்டில் ஒருவன் ஒரே ஒரு முறை, அத்தை வெளியே போயிருந்த நேரம் பார்த்து, பின்பக்கம் கொஞ்சம் கொளுத்தினான். அத்தை திரும்பி வரும்போது தெருமுனையிலேயே மூக்கு காட்டிக்கொடுத்துவிட்டது. அவனை அவர் திட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொள்ளச் சொல்லி, கேட்டைத் திறந்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டார். அவர் திட்டாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும் என்று நான் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நானும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். வந்த புதிதில், வெள்ளையாக இருந்த கம்பிகளை எல்லாம் அலுமினியக் குவியலில் வீசினேன். ஒன்றை எடுத்துக் கத்தி முனையால் கீறிக் காட்டினார். உள்ளே சிவப்பு. செம்புக்கு மேலே ஈயம் பூசியிருக்கிறார்கள். "மாப்ளே, கல்யாணத்தன்னிக்கு உங்க மூஞ்சிக்கும்தான் பவுடர் போட்டாங்க. நான் நம்பிட்டேனா?" என்றார். யார்டே சிரித்தது. மாமனாரும் சிரித்தார், அவருக்கு என்னவென்று கேட்டிருக்காது. பாதி வாழ்க்கை லாரி எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குக் காது மந்தம். எல்லாரும் சிரித்தால் சிரிப்பார்.

இதையெல்லாம்விட அத்தைக்கு முக்கியமானது ஒன்று உண்டு. திருட்டு வயரைத் தொட மாட்டார். கேபிள் யார் கொண்டுவந்தாலும், "அது இருந்த இடத்தைக் காட்டு" என்பார். பெண் பார்க்கப் போகிற மாதிரி கிளம்பிப் போய், எந்தச் சுவர், எந்த அறை, யார் சொந்தக்காரர் என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார். ஒரு மத்தியானம் இரண்டு பேர் புத்தம் புதுக் கேபிளோடு வந்தார்கள். இடத்தைக் காட்டுகிறோம் என்று முன்னால் நடந்தவர்கள் திருப்பத்தில் ஓடிவிட்டார்கள். அத்தை அந்தக் கேபிளையும், ஒருவன் விட்டுவிட்டுப் போன ஒற்றைச் செருப்பையும் கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வந்தார். செருப்பு எதற்கு என்று போலீஸ்காரர்கள் கேட்டதற்கு, "அதுவும் என்னோடது இல்லையே" என்றாராம்.

அப்படிப்பட்டவரைத்தான் அவருடைய சொந்த அண்ணன் என் கல்யாணத்தில் வைத்துத் திருடி என்று சொன்னார்.

அண்ணன் மின்சார ஆபீசில் லைன்மேன். வீட்டில் எல்லாருக்கும் அவர் லைன்மேன்தான். வரவேற்பு நடந்துகொண்டிருந்தபோது மண்டபத்தில் கரண்ட் போய்விட்டது. "என்னங்க லைன்மேன், உங்க வீட்டுக் கல்யாணத்துலயே இருட்டா?" என்று நாலு பேர் நாலு பக்கமிருந்து கேலி செய்தார்கள். அந்த வாரம்தான் அவருடைய பகுதியில் யாரோ பூமிக்கடியில் இருந்த கேபிளை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த மனுஷன். இருட்டில் எரிச்சலோடு கத்தினார்: "என்னை எதுக்குக் கேக்கறீங்க? அறுத்த கேபிள் எங்க போகும்? என் தங்கச்சி யார்டுல போய்ப் பாருங்க, உரிச்சுப் போட்டிருப்பா."

சொல்லி முடிக்கவும் கரண்ட் வந்தது. எல்லார் முகமும் எல்லாருக்கும் தெரிந்தது. என் அப்பா கையில் இருந்த ஜூஸைக் குடிக்காமல் கீழே வைத்தார். நான் மாலையும் கழுத்துமாக மேடையில் நின்றுகொண்டிருந்தேன். அத்தை நேராக அண்ணனிடம் போனார். குரலை உயர்த்தவில்லை.

"எல்லார் முன்னாடியும் சொன்னே. திருப்பி எடுக்கறதா இருந்தா, எல்லார் முன்னாடியும் எடு. அதுவரைக்கும் என் கேட்டைத் தாண்டாதே."

"தாண்டினா என்னை ஏன்னு கேளு" என்றார் லைன்மேன். சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்.

ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. விசேஷங்களில் அண்ணன் ஒரு மூலையிலும் தங்கை ஒரு மூலையிலும் நிற்பார்கள். என் அப்பாவும் அன்றிலிருந்து யார்டுப் பக்கம் வந்ததில்லை. கேட்டால் வெயில் என்பார், மழை என்பார். அத்தைக்கு வியாபாரம் பெருகியது, இரண்டாவது மேசை போட்டார், லாரி வாங்கினார். ஆனால் அந்த ஒரு சொல் அவருக்குள் அப்படியே இருந்தது. அண்ணன் மன்னிப்புக் கேட்டு வந்தால் என்ன பதில் சொல்வது என்று ஒரு முழுப் பேச்சே தயார் செய்து வைத்திருந்தார். கேபிளை இழுத்துக்கொண்டே சொல்லிப் பார்ப்பார்: "அண்ணே, நீ கம்பம் ஏறினே, நான் கம்பி உரிச்சேன். ரெண்டு பேர் கையும் கருப்புதான். ஆனா என் கையில அழுக்கு மட்டும்தான் இருக்கு." எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அது மனப்பாடம். அந்தப் பேச்சைக் கேட்க வேண்டியவர் மட்டும் வரவில்லை.

போன மாதம் மூடிப்போன பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றின் கேபிள் மொத்தமும் அத்தைக்குக் கிடைத்தது. உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்தாகிவிட்டது. வெளியிலிருந்து மின்சாரத்தை உள்ளே கொண்டுவரும் தலைமைக் கேபிள் மட்டும் பாக்கி. தொடைத் தடிமன் இருக்கும். அதைத் தொழிலில் பெரியவர் என்போம். மின்சாரம் ஓடினால் பெரியவர் உயிரோடு இருக்கிறார். இணைப்பைத் துண்டித்துவிட்டால் செத்துவிட்டார். செத்த பிறகுதான் தொடலாம். ஒரு நாள் காலையில் மின்சார ஆபீஸ்காரர் வந்து இணைப்பைத் துண்டித்தார். அத்தை எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார். கையுறையைக் கழற்றாமல் அனுப்பியதில் அது எனக்கு வராமல், எங்கள் கல்யாணத்துக்காக ஆரம்பித்த 'கல்யாண வீடு' என்ற வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. கல்யாணம் முடிந்தும் அந்தக் குழுவை விட்டு ஒருவரும் போகவில்லை. போனால் தப்பாக நினைப்பார்களே. இரண்டு பக்கத்துச் சொந்தமும் அதில்தான் தினமும் காலை வணக்கம் போட்டுக்கொண்டிருக்கிறது.

செய்தி இதுதான்: "மாப்ளே, பெரியவர் செத்துட்டாரு. காலைலயே முடிஞ்சிடுச்சு. ஆபீசர் வந்து பாத்து எழுதிக் குடுத்துட்டாரு. நானும் தொட்டுப் பாத்துட்டேன், ஒண்ணுமில்ல. ரொம்ப கனம், நாலு பேர் பத்தாது. பெரிய வண்டியா கொண்டாங்க. சாயங்காலத்துக்குள்ள எடுத்துடணும்."

நான் டீ குடித்துக்கொண்டே கேட்டேன். எந்தக் குழுவில் வந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. ஆறு ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வண்டி ஓட்டும்போது போனை எடுக்க மாட்டேன். அத்தை வேலை செய்யும்போது போனைக் கருவிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார். என் மனைவி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறை நர்ஸ். அவள் போன் லாக்கரில். இந்த மூன்று போன்களும் நாள் முழுக்க அடித்து அடித்து ஓய்ந்திருக்கின்றன.

ஏனென்றால் சொந்தபந்தங்கள் என் மாமனாரையும் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். செய்தியில் அத்தையின் குரல் உற்சாகமாக இருந்ததை எல்லாரும் கவனித்திருக்கிறார்கள். பாவம், அதிர்ச்சியில் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு செய்துகொண்டு பூவும் கண்ணீருமாகப் புறப்பட்டுவிட்டார்கள்.

முதலில் வந்தது அத்தையின் தங்கை, என் மனைவியின் சித்தி. யார்டு வாசலிலேயே குரலெடுத்து அழுதுகொண்டு உள்ளே ஓடியிருக்கிறார். உள்ளே மாமனார் முக்காலியில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். சித்திக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஆனால் ஆரம்பித்த அழுகையைச் சட்டென்று நிறுத்த முடியவில்லை. மாமனார் கத்தியைக் கீழே வைத்தார். யாரோ போய்விட்டார்கள் என்று புரிந்துகொண்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தானும் அழ ஆரம்பித்தார். "யாருன்னு சொல்லும்மா. மனசைக் கல்லாக்கிக்கிட்டேன்" என்றாராம். நீங்கள்தான் என்று சித்தியால் எப்படிச் சொல்ல முடியும்?

அடுத்தடுத்து வந்தவர்கள் எல்லாரும் இதே மாதிரி மாட்டிக்கொண்டார்கள். என் அப்பாவும் வந்தார், ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக. "வாங்க சம்பந்தி, உக்காருங்க" என்று யாருக்கு அஞ்சலி செலுத்த வந்தாரோ அவரே நாற்காலி எடுத்துப் போட்டிருக்கிறார். அப்பா உட்கார்ந்துவிட்டார். வாங்கிவந்த மலர்வளையத்தை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எங்கள் லாரி திரும்பியபோது இதுதான் நிலைமை. யார்டு நிறையச் சொந்தக்காரர்கள், அழுது வீங்கிய முகங்கள், பூக்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை வண்டி நிற்கும்வரை காத்திருக்கவில்லை. கதவைத் திறந்து குதித்து, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. முக்காலியில் மாமனார் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்ன, கேபிள் வந்துடுச்சா?" என்று கேட்டார் மாமனார்.

சித்தி போனை நீட்டி அத்தையின் குரலை அத்தைக்கே போட்டுக் காட்டினார். பாதி கேட்கும்போதே அத்தைக்குச் சிரிப்பு பீறிட்டது. "எடுத்துடணும்" என்ற இடம் வந்ததும் எல்லாரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். என் அப்பாகூட, பல்லைக் காட்டாமல், உடம்பு குலுங்கச் சிரித்தார்.

லாரிக்குப் பின்னால் நின்ற ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

லைன்மேன் தெருமுனையிலிருந்தே எங்கள் பின்னால் வந்திருக்கிறார். தார்ப்பாய் போட்டு மூடிய லாரியைப் பார்த்ததும் அதில்தான் கொண்டுவருகிறார்கள் என்று நினைத்து, பைக்கை ஓரமாகப் போட்டுவிட்டு, பின்கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டைத் தாண்டி நடந்து வந்துவிட்டார். தாண்டியது அவருக்கே தெரிந்திருக்காது. முகமெல்லாம் ஈரம். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினார். உள்ளே கேபிள் கருப்பாகச் சுருண்டு கிடந்தது. தூக்கிய கையை அவர் இறக்கவில்லை.

"இதுவா பெரியவர்?" என்றார்.

அத்தையின் சிரிப்பு நின்றது. எழுந்து, பின்பக்கம் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். அண்ணனைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைச் சுற்றி நிதானமாக ஒரு பார்வை பார்த்தார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எனக்கு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. துக்கம் கேட்க ஓடிவந்த மனுஷனைக் கூட்டத்தில் நிறுத்தி வைத்துக் கேட்க என் மாமியாரால்தான் முடியும்.

"அண்ணே. அன்னிக்கு மண்டபத்துல இருந்தவங்க எல்லாரும் இருக்காங்க. இப்ப சொல்லு."

லைன்மேன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். "என் தங்கச்சி திருட்டு வயர் வாங்கறவ இல்ல" என்றார்.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

"என் தங்கச்சி திருட்டு வயர் வாங்கறவ இல்ல. நான் சொன்னது தப்பு." இந்த முறை கடைசியில் நின்றவர்கள்வரை கேட்டது. என் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அத்தையின் தலை நிமிர்ந்தது. அத்தோடு முடிந்திருந்தால் அவர் அந்தப் பேச்சைத் தொடங்கியிருப்பார்; நாங்கள் எல்லாரும் அதற்குத் தயாராகத்தான் நின்றோம். ஆனால் லைன்மேன் நிறுத்தவில்லை.

"அந்தக் கேபிளை அறுத்தவனுங்க அடுத்த மாசமே மாட்டிட்டானுங்க, பாப்பா. எங்க காண்ட்ராக்டரோட ஆளுங்கதான். எனக்கு அப்பவே தெரியும்."

"அப்பவே தெரியுமா?" என்றார் அத்தை.

"தெரியும். இந்தத் தெருமுனை வரைக்கும் எத்தனையோ தடவை வந்திருக்கேன். வந்து வந்து வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிடுவேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உள்ள வர்றது?"

அத்தைக்குக் கோபம் வந்ததை நான் பார்த்தேன். ஒன்பது வருஷமாகச் செய்து வைத்திருந்த பேச்சில் இதற்குப் பதில் இல்லை. "அப்போ உன் வாயைத் திறக்க ஒரு சாவு வேணுமாண்ணே?" என்றார். குரல் பாதியில் உடைந்துவிட்டது.

லைன்மேன் கேபிளின்மேல் கை வைத்தார். "பெரியவர்ங்கறதே எங்க ஆளுங்க பேச்சு, பாப்பா. எங்ககிட்டேர்ந்துதான் உங்க தொழிலுக்கே வந்துச்சு. கரண்ட்டைத் துண்டிச்சுட்டு, 'பெரியவர் செத்துட்டாரு'ன்னு வாரத்துக்கு ஒரு தடவையாவது நானே போன்ல சொல்றேன். உன் குரல்ல கேட்டதும் அது எனக்கு ஞாபகத்துக்கே வரல. மச்சான்தான் வந்தாரு. அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமயே விட்டுட்டேனேன்னு, வழியெல்லாம் சத்தமா சொல்லிக்கிட்டே வந்தேன். சிக்னல்ல நின்னவன் எல்லாம் திரும்பித் திரும்பிப் பாத்தான்."

அத்தை முக்காலி இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

"அவர் இருக்காரு. போய் அவர்கிட்டயே சொல்லு."

லைன்மேன் போனார். மாமனாரின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, அவர் காதுக்குப் பக்கத்தில் ஏதோ சொன்னார். மாமனார், "என்ன மச்சான்?" என்றார். மறுபடி சொன்னார். அதுவும் கேட்கவில்லை. அப்புறம் லைன்மேன் வெட்கம் மானம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அடிவயிற்றிலிருந்து கத்தினார். பக்கத்துக் கட்டடத்தில் ஜன்னல்களைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். "தப்பு பண்ணிட்டேன் மச்சான். உங்க வீட்டைப் பத்தி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது." மாமனாருக்குக் கேட்டுவிட்டது. அவர் லைன்மேனின் தலையைத் தன் மடியோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

அத்தை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லாரியின் கயிற்றை அவிழ்க்கப் போனார். உதவலாம் என்று நானும் போனேன். கயிற்றை ஆட்கள் ஏற்கெனவே அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அவர் வெறும் கொக்கியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.